பழைய ஒர்க்ஸ்டேஷன் சேகரிப்பு: முதல் ஸ்பார்க்ஸ்டேஷனை ஓட வைக்க முழுமையான வழிகாட்டி

பழைய ஒர்க்ஸ்டேஷன் (ஆய்வகங்களிலும் நிறுவனங்களிலும் பயன்பட்ட வலுவான மேசைக் கணினி) ஒன்று கைக்கு வந்ததும் பிளக்கைச் செருகி, ஓடுகிறதா என்று பார்க்கத் தோன்றும். அதை மட்டும் செய்ய வேண்டாம். முப்பது வருடம் தூங்கிய ஹார்ட் டிஸ்க் ஒரே ஒரு முறைதான் சுழலும் நிலையில் இருக்கலாம். பவர் சப்ளையில் கசிந்த கெப்பாசிட்டர் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். மதர்போர்டு போனால் இன்னொன்று தேடி வாங்கிவிடலாம். டிஸ்க்கில் இருக்கும் மென்பொருளும் அந்த இயந்திரத்தின் அடையாள எண்ணும் போனால் திரும்பக் கிடைக்காது. எனவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே வரிசையில்தான் போகிறது: அந்த இயந்திரத்தில் மட்டுமே இருப்பதை முதலில் காப்பாற்றுவது, அதற்குப் பிறகு ஓட வைப்பது.

எடுத்துக்காட்டாக சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஸ்பார்க்ஸ்டேஷன் 5ஐ வைத்துக்கொள்கிறோம். இதில் செய்யும் வேலைகளில் பெரும்பகுதி ஸ்பார்க்ஸ்டேஷன் 4, 10, 20 ஆகியவற்றுக்கும் பொருந்தும்.

ஏன் ஸ்பார்க்ஸ்டேஷன் 5

1994ல் வந்த இயந்திரம். ஏறக்குறைய 40 செ.மீ. சதுரம், 7 செ.மீ. உயரம், பீட்சா பெட்டி என்று அழைக்கப்பட்ட அந்தத் தட்டையான உருவம். மைக்ரோஸ்பார்க் 2 சிப் 70, 85, 110 மெகாஹெர்ட்ஸ் வேகங்களில் வந்தது; பின்னால் டர்போஸ்பார்க் சிப்போடு 170 மெகாஹெர்ட்ஸ் மாடலும் வந்தது. முதல் இயந்திரமாக வாங்க 85 அல்லது 110 போதும். 170 மாடல் வேகமானது என்றாலும் சன்னின் இயங்குதளமான சன்ஓஎஸ்ஸின் பழைய பதிப்புகளோடு ஒத்துப்போகாது.

ஸ்பார்க்ஸ்டேஷன் 20 இதைவிடக் கவர்ச்சியானது. எம்பஸ் ஸ்லாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட புராசஸர் போடலாம். 1995ல் பிக்ஸார் தன் முதல் முழுநீளப் படத்தின் காட்சிகளை 117 ஸ்பார்க்ஸ்டேஷன் 20களைக் கொண்டுதான் உருவாக்கியது. ஆனால் அந்தச் சிறிய பெட்டிக்குள் புராசஸர்களும் டிஸ்க்குகளும் சேர்ந்து கிளப்பும் சூடு அதிகம். அதை இரண்டாவதாக வாங்குங்கள்.

வாங்கும்போது இயந்திரம் அரிதா என்பதைவிட முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டி மட்டும் கிடைத்தால், பாகங்களைத் தேடுவதற்கே பெட்டியை விட அதிகமாகச் செலவாகும். விற்பவரிடம் கேட்க வேண்டியவை:

- சன் டைப் 4 அல்லது டைப் 5 கீபோர்டு. 8 பின் மினி டின் கனெக்டர். பிசி கீபோர்டு இதில் வேலை செய்யாது.
- மவுஸ், கூடவே அதன் உலோக மவுஸ்பேட். பழைய சன் ஆப்டிகல் மவுஸ் அந்தப் பேடில் அச்சிட்ட கட்டங்களைப் பார்த்துத்தான் நகரும். பேடைச் சாதாரண அட்டை என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.
- எஸ்பஸ் (சன் இயந்திரங்களில் கூடுதல் கார்டு செருகும் ஸ்லாட் வகை) கிராபிக்ஸ் கார்டு உள்ளே இருக்கிறதா. ஸ்பார்க்ஸ்டேஷன் 5ன் மதர்போர்டில் திரைக்கான வசதி கிடையாது.
- ஹார்ட் டிஸ்க் மாட்டும் தட்டு. டிஸ்க்கை உருவும்போது பலரும் தட்டையும் சேர்த்து எடுத்துப்போயிருப்பார்கள்.
- பின்பக்கத்தின் தெளிவான படம். கனெக்டர்களில் பச்சை பூத்திருந்தால் ஈரத்தில் கிடந்த இயந்திரம்.

கல்லூரிகளும் ஆய்வுக்கூடங்களும் ஆய்வகத்தைக் காலி செய்யும்போது இவை வெளியே வரும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் பணம் கட்டும் முன் சுங்க விதிகளைப் பார்த்துவிடுங்கள். பழைய கணினிகளை இந்தியாவுக்குள் கொண்டுவரக் கட்டுப்பாடு இருக்கிறது. அனுப்புபவரிடம் எல்லாப் பக்கமும் 5 செ.மீ. நுரைப்பஞ்சு வைத்து இரட்டைப் பெட்டியில் கட்டச் சொல்லுங்கள். கீபோர்டைப் பெட்டியின் மேல் வைத்துக் கட்டினால் மூடி நொறுங்கித்தான் வந்து சேரும்.

மின்சாரம் கொடுக்கும் முன்

பின்பக்கத் திருகுகளைத் தளர்த்தி மூடியைத் திறந்ததும் எல்லாவற்றையும் படம் எடுங்கள்: எந்த ஸ்லாட்டில் எந்த மெமரி, எந்த எஸ்பஸ் கார்டு, எந்த ஜம்பர் எந்த நிலையில். மதர்போர்டில் ஸ்டிக்கர் ஒட்டிய, உயரமான 28 கால் சிப் ஒன்று சாக்கெட்டில் இருக்கும். எம்48டி08 என்று எழுதியிருக்கும். அதன் ஸ்டிக்கரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது ஈதர்நெட் முகவரியின் கடைசி ஆறு இலக்கம். இதன் முக்கியத்துவம் பின்னால் வரும்.

அடுத்து ஹார்ட் டிஸ்க். அதை வெளியே எடுத்து, ஸ்கஸி (அந்தக் காலத்து டிஸ்க் இணைப்பு முறை) கார்டு உள்ள பழைய பிசியில் லினக்ஸ் போட்டு, டிடிரெஸ்க்யூ என்ற நகல் நிரல் கொண்டு முழு நகல் எடுங்கள். சாதாரண டிடி கட்டளையைவிட இது ஏன் நல்லது? படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய், முதலில் படிக்க முடிந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, பிறகு கெட்ட இடங்களுக்குத் திரும்பி வரும். சாகும் நிலையில் இருக்கும் டிஸ்க்குக்கு அந்த வரிசைதான் சரி. ஸ்பார்க்ஸ்டேஷன் 5ன் டிஸ்க், மின்சாரமும் தரவும் ஒரே கனெக்டரில் வரும் 80 பின் எஸ்சிஏ வகை. பிசியில் மாட்ட 80க்கு 68 அல்லது 50 பின் அடாப்டர் வேண்டும். எஸ்சிஏ டிஸ்க்கில் டெர்மினேஷன் (கேபிளின் முனையில் சிக்னல் எதிரொலிக்காமல் தடுப்பது) கிடையாது, அதனால் கேபிளின் முனையில் தனியாக டெர்மினேட்டர் போடுங்கள். அதை மறந்தால் டிஸ்க் நன்றாக இருந்தும் பிழைகளாகக் கொட்டும்.

அந்த நகலில் முன்னாள் உரிமையாளரின் கடிதங்களும் கோப்புகளும் இருக்கலாம். அவை உங்களுடையவை அல்ல. யாருக்கும் கொடுக்காதீர்கள். மென்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிப்பதே முறை.

பவர் சப்ளைதான் மூன்றாவது. மின்கம்பி பிடுங்கியிருந்தாலும் முதன்மைக் கெப்பாசிட்டரில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். 230 வோல்ட் மின்சாரத்தில் அது 325 வோல்ட் வரை ஏறும். திறந்ததும் மல்டிமீட்டரில் அளந்து பார்த்து, தேவைப்பட்டால் 2,000 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் மூலம் வடியவிட்டு, மறுபடி அளந்த பிறகே கையை உள்ளே விடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது தவறான வழக்கம்.

கெப்பாசிட்டரின் மேல் பகுதி உப்பியிருக்கிறதா, அடியில் பழுப்பாகப் பிசுபிசுப்பு இருக்கிறதா, மீன் வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். புதியது அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது சற்றே அதிக வோல்ட், 105 டிகிரி, குறைந்த ஈஎஸ்ஆர் (உள் மின்தடை) வகை. 85 டிகிரி கெப்பாசிட்டரை அந்தக் குறுகிய பெட்டியில் போட்டால் சீக்கிரம் மறுபடி திறக்க வேண்டிவரும். விட்டத்தையும் அளந்துகொண்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடத்தில் வாங்குங்கள். உயரம் ஒத்துவந்து விட்டம் பெரிதாக இருந்தால் பக்கத்து ஹீட்சிங்க்கில் இடிக்கும். கசிந்த திரவத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து முழுமையாகக் காயவிட்டுத்தான் புதியதைச் சால்டர் செய்ய வேண்டும். அந்தத் திரவம் செம்பை அரிப்பதோடு மின்சாரத்தையும் கடத்தும்.

சப்ளையின் லேபிளைப் படியுங்கள். 100 முதல் 240 என்று இருந்தால் நேரடியாக மாட்டலாம். 115 மட்டும் எழுதியிருந்தால், அல்லது தேர்வு ஸ்விட்ச் இருந்தால், அதைச் சரிசெய்யாமல் நம் ஊர் பிளக்கில் செருகவே கூடாது.

முதல் முறை மின்சாரம்

பவர் சப்ளையை லோடு இல்லாமல் தனியாக ஓட்டாதீர்கள். மதர்போர்டும் ஒரே ஒரு மெமரி மாட்யூலும் மட்டும் இணைந்திருக்கட்டும். டிஸ்க், எஸ்பஸ் கார்டு, கீபோர்டு எதுவும் வேண்டாம்.

எலக்ட்ரீஷியன்கள் பயன்படுத்தும் சீரிஸ் போர்டில் 100 வாட் குண்டு பல்பு போட்டு அதன் வழியாக மின்சாரம் கொடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்துங்கள். எல்ஈடி பல்பு இதற்கு உதவாது. மங்கியதும் நிறுத்திவிட்டு, பல்பை நீக்கி நேரடியாக இணையுங்கள். பல்போடே தொடர்ந்து ஓட்டினால் மின்னழுத்தம் போதாமல் சப்ளை விட்டுவிட்டு இயங்கும். அதைப் பழுது என்று நினைத்து ஏமாறலாம்.

இப்போது சிடி டிரைவுக்கான 4 பின் கனெக்டரில் அளந்து பாருங்கள். கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வோல்ட். கறுப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே 11.4 முதல் 12.6. இதற்கு வெளியே போனால் டிஸ்க் எதையும் மாட்டாதீர்கள்.

சீரியல் கன்சோல்

கீபோர்டு இல்லாமல் சன் இயந்திரத்தைப் போட்டால் அது தானாகவே சீரியல் போர்ட் ஏ வழியாக, கேபிளில் இணைத்த இன்னொரு கணினியோடு எழுத்தில் பேசும். திரையை நம்புவதைவிட இதுதான் நல்ல வழி. கீபோர்டு மாட்டியிருந்தால் சீரியலில் எதுவும் வராமல் போகலாம். இயந்திரமே செத்துவிட்டது என்று பலர் முடிவு கட்டும் இடம் இது.

யூஎஸ்பி–ஆர்எஸ்232 கேபிள் ஒன்று வேண்டும். மைக்ரோகண்ட்ரோலர் வேலைக்கு விற்கும் 3.3 வோல்ட் டிடிஎல் போர்டைப் போட்டால் அது கருகிவிடும். நல் மோடம் கேபிளை (இரண்டு கணினிகளை நேரடியாக இணைக்கும் சீரியல் கேபிள்) நீங்களே செய்யலாம், மூன்று கம்பி போதும்:

- 25 பின் பக்கம் 2 → 9 பின் பக்கம் 2
- 25 பின் பக்கம் 3 → 9 பின் பக்கம் 3
- 25 பின் பக்கம் 7 → 9 பின் பக்கம் 5

அந்தக் கணினியின் டெர்மினல் நிரலில் வைக்க வேண்டியது: வேகம் 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட், ஃப்ளோ கண்ட்ரோல் இல்லை.

மின்சாரம் கொடுத்ததும் பொறுமையாக இருங்கள். அடையாள சிப்பின் பேட்டரி செத்திருந்தால் உள்ளே குப்பை மதிப்புகள் இருக்கும். அதனால் இயந்திரம் நீண்ட சுயபரிசோதனையில் இறங்கி, சில நிமிடம் ஒன்றும் காட்டாமல் இருக்கும். ஐந்து நிமிடம் கழித்தும் எதுவும் வரவில்லை என்றால் மெமரியைக் கழற்றி, தொடுமுனைகளை ஆல்கஹாலால் துடைத்து, மிகக் குறைந்த எண் கொண்ட ஸ்லாட்டில் அழுத்திப் பொருத்துங்கள். ஸ்பார்க்ஸ்டேஷன் 5க்கு வேண்டியது 168 பின், 5 வோல்ட் மாட்யூல். பழைய பிசி எஸ்டிராமும் 168 பின்தான், பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். அதை இதில் திணிக்கக் கூடாது. எட்டு ஸ்லாட்டிலும் 32 எம்பி போட்டால் உச்ச அளவான 256 எம்பி.

அடையாள சிப்: பாதிப் பேர் சிக்கும் இடம்

எம்48டி08 சிப்புக்குள்தான் கடிகாரமும் அமைப்புகளும் ஈதர்நெட் முகவரியும் ஹோஸ்ட் ஐடி என்ற இயந்திர அடையாள எண்ணும் இருக்கின்றன. அதன் லித்தியம் பேட்டரியும் சிப்பின் உள்ளேயே அடைபட்டிருக்கிறது. பேட்டரி ஓய்ந்தால் ஐடிப்ராம் (சிப்பில் இந்த அடையாளம் இருக்கும் பகுதி) செல்லாது என்ற செய்தி வரும், ஈதர்நெட் முகவரியும் அபத்தமாக இருக்கும். அந்தக் காலத்து விலை உயர்ந்த மென்பொருள் பலவற்றின் லைசன்ஸ் ஹோஸ்ட் ஐடியோடு கட்டப்பட்டது. எண்ணைத் தொலைத்தால், டிஸ்க்கில் மென்பொருள் இருந்தும் திறக்காது. சிப் இன்னும் உயிரோடு இருந்தால் முதல் வேலையாக பேனர் கட்டளை கொடுத்து இரண்டு எண்களையும் எழுதி வையுங்கள்.

மாற்றுவதற்கு மூன்று வழி. முதலாவது புதிய சிப் வாங்குவது; ஆனால் புதியது என்று சொல்லி விற்பதில் நிறைய பழையதைக் கழற்றி மேலே புது எழுத்து அச்சிட்டவை; பேட்டரி பாதி செத்தே வரும். பழைய சிப்பின் மேல்பகுதியை அரத்தால் சுரண்டி, உள்ளே பேட்டரிக்குப் போகும் இரண்டு கம்பிகளைக் கண்டுபிடித்து, பழைய பேட்டரியின் தொடர்பை வெட்டிவிட்டு வெளியே 3 வோல்ட் காசு பேட்டரி ஹோல்டர் இணைப்பது இரண்டாவது. பழைய பேட்டரியை வெட்டாமல் விட்டால் அது புதியதையும் உறிஞ்சிவிடும். மூன்றாவது, ஆர்வலர்கள் வடிவமைத்த மாற்றுப் போர்டு. காசு பேட்டரி வெளியில் இருக்கும், அடுத்த முறை நிமிடத்தில் மாற்றலாம். நாங்கள் சொல்வது மூன்றாவதை.

பிறகு அடையாளத்தைத் திரும்ப எழுத வேண்டும். கீழே கட்டளைகளை ஒலிப்படி தந்திருக்கிறோம். டைப் செய்வது ஆங்கிலத்தில், சிற்றெழுத்தில். ஓகே என்ற குறி வந்ததும்:

1. செட்-டிஃபால்ட்ஸ்
2. செட்என்வி டயக்-ஸ்விட்ச்? ஃபால்ஸ் (setenv diag-switch? false)
3. 1 0 எம்கேபி (mkp)
4. 80 1 எம்கேபி
5. 8 2 எம்கேபி, 0 3 எம்கேபி, 20 4 எம்கேபி (தனித்தனி வரியாக)
6. உங்கள் முகவரியின் கடைசி ஆறு இலக்கத்தை மூன்று ஜோடியாகப் பிரித்து 5, 6, 7 என்ற இடங்களில் அதேபோல்
7. 8, 9, ஏ, பி ஆகிய நான்கு இடங்களிலும் 0
8. சி, டி, இ இடங்களில் ஹோஸ்ட் ஐடியின் கடைசி மூன்று ஜோடி
9. 0 எஃப் 0 டூ ஐ ஐடிப்ராம்@ எக்ஸார் லூப் எஃப் எம்கேபி (0 f 0 do i idprom@ xor loop f mkp)
10. ரீசெட்

எல்லாம் ஹெக்ஸ் (16ஐ அடிப்படையாகக் கொண்ட) எண்கள். எம்கேபி வரிகளில் முதலில் வருவது மதிப்பு, அடுத்தது அதை எழுதும் இடம். நான்காவது வரியின் 80 ஸ்பார்க்ஸ்டேஷன் 4, 5 வகைக்கு. 10, 20 வகைக்கு அங்கே 72. எட்டு–பூஜ்ஜியம்–இருபது என்பது சன் நிறுவனத்தின் ஈதர்நெட் முன்னெண். ஒன்பதாவது வரி முதல் 15 பைட்டுகளையும் எக்ஸார் செய்து கடைசி பைட்டில் சரிபார்ப்பு எண்ணாக எழுதுகிறது. அது தப்பினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பழைய பிழைச் செய்தியே வரும். எழுத்துப்பிழை வந்தால் அந்த வரியை மட்டும் திரும்பக் கொடுத்து, ஒன்பதாவது வரியை மறுபடி ஓட்டினால் போதும்.

வாட்ச்-க்ளாக் கட்டளையில் விநாடி நகர்கிறதா பாருங்கள். பிறகு இரண்டு மணி நேரம் மின்சாரத்தைப் பிடுங்கிவைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் எண்கள் நிலைத்திருக்க வேண்டும்.

டிஸ்க்குக்குப் பதில் மெமரி கார்டு

பழைய டிஸ்க்கை நகல் எடுத்த பிறகு பத்திரமாக வையுங்கள். தினசரி ஓட்டத்துக்கு, மெமரி கார்டை ஸ்கஸி டிஸ்க்காகக் காட்டும் புளூஸ்கஸி, ஸூலூஸ்கஸி போன்ற எமுலேட்டரே நல்லது. சத்தமும் சூடும் இல்லை. இவற்றில் பெரும்பாலானவை 50 பின். உள்ளே சிடி டிரைவுக்கான 50 பின் நாடாக் கேபிள் இருந்தால் அதில் மாட்டிவிடுவதே எளிது; ஒரே போர்டு டிஸ்க்காகவும் சிடியாகவும் நடிக்கும். எஸ்சிஏ இடத்தில்தான் பொருத்துவேன் என்றால் அடாப்டர் வாங்கும்போது கவனம்: கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 80 பின் டிஸ்க்கை 50 பின் கேபிளில் மாட்டுவதற்கானது. நமக்கு வேண்டியது அதன் எதிர்த்திசை.

சன் இயந்திரம் முதல் டிஸ்க்கை ஸ்கஸி எண் 3ல் தேடும், சிடியை 6ல். சிடியில் இன்னொரு நுணுக்கம்: இயந்திரத்தைத் தொடங்கிவைக்கும் சன் ப்ராம் 512 பைட் செக்டாரை எதிர்பார்க்கிறது, பிசி டிரைவுகள் 2048 தருகின்றன. பிசி சிடி டிரைவை மாட்டிவிட்டு பூட் ஆகவில்லை என்பவர்களுக்குக் காரணம் இதுதான். எமுலேட்டரில் இதற்கான அமைப்பைக் கோப்பில் மாற்றலாம்.

மெமரி கார்டில் டிஸ்க்காக நடிக்கும் படிமக் கோப்பை 2 ஜிபிக்குள் வையுங்கள். பழைய சன்ஓஎஸ் அதற்கு மேல் பார்டிஷனை ஏற்காது. சன்1.05 என்ற பழைய டிஸ்க்கின் அளவை அப்படியே எடுத்துக்கொள்வது வசதி: 2036 சிலிண்டர், கூடுதலாக 2, ஹெட் 14, டிராக்குக்கு 72 செக்டார். படிமக் கோப்பின் அளவு 1,05,18,03,648 பைட். ஃபார்மேட் கருவியில் இந்த வகையைத் தேர்ந்து லேபிள் எழுதினால் கேள்வி கேட்காமல் ஏற்கும். ஸ்லைஸ் 2 முழு டிஸ்க்கையும் குறிப்பது, அதைத் தொடாதீர்கள்.

இணைந்திருக்கும் ஸ்கஸி சாதனங்களைக் காட்டும் ப்ரோப்-ஸ்கஸி கட்டளையைக் கொடுத்துப் பார்க்கும் முன் ஆட்டோ-பூட்? என்பதை ஃபால்ஸ் ஆக்கி ரீசெட் செய்யுங்கள். இயங்குதளம் ஓடிக்கொண்டிருந்தபோது நிறுத்திவிட்டு இதைக் கொடுத்தால் இயந்திரம் உறைந்துபோகலாம். எந்த எண்ணிலும் டிஸ்க் தெரியவில்லையென்றால் டெர்மினேஷனைப் பாருங்கள்: பஸ்ஸின் இரு முனைகளில் மட்டும் இருக்க வேண்டும், நடுவில் கூடாது.

எந்த இயங்குதளம்

முதலில் நெட்பிஎஸ்டி என்ற இலவச யூனிக்ஸ் வகை இயங்குதளத்தைப் போடுங்கள். ஸ்பார்க் 32 பிட்டுக்கு இன்னும் பராமரிக்கப்படுகிறது, வன்பொருள் எல்லாம் சரியா என்று நம்பகமாகக் காட்டும். பிறகு காலத்துக்கு ஏற்றதைப் போடலாம். சன்னின் சோலாரிஸ் 2.6 இந்த இயந்திரத்துக்கு அளவெடுத்த சட்டை. ஓடக்கூடிய கடைசிப் பதிப்பு சோலாரிஸ் 9, ஆனால் அதில் மூச்சு வாங்கும். ஓப்பன்விண்டோஸ் திரையும் பெர்க்லி யூனிக்ஸ் வாசனையும் வேண்டுமானால் 1994ன் சன்ஓஎஸ் 4.1.4. அதற்கு 2000ஆம் ஆண்டுப் பிரச்சினைக்கான பேட்ச்களைத் தேடிப் போடுங்கள். கையேடுகள் பிட்சேவர்ஸ் ஆவணத் தளத்தில் ஏராளமாக இருக்கின்றன.

திரைக்கு 13டபிள்யூ3 என்ற கனெக்டர். சன்னும் இன்னொரு ஒர்க்ஸ்டேஷன் நிறுவனமான சிலிக்கான் கிராபிக்ஸும் ஒரே உருவக் கனெக்டரைப் பயன்படுத்தினாலும் பின் இணைப்பு வேறு. அடாப்டர் வாங்கும்போது சன் வகை என்று உறுதிசெய்யுங்கள். 1152×900 என்ற அளவையும் கலப்பு சிங்க்கையும் (ஒரே கம்பியில் வரும் ஒத்திசைவு சிக்னல்) ஏற்கும் மானிட்டர் வேண்டும், புதிய எல்சிடிகளில் பல ஏற்காது. இயந்திரம் ஓடும்போது கீபோர்டைப் பிடுங்காதீர்கள்: அதை பிரேக் சிக்னலாக எடுத்துக்கொண்டு இயங்குதளம் நின்றுவிடும். அப்படி ஆகிவிட்டால் கீபோர்டை மாட்டி கோ என்று டைப் செய்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

நெட்வொர்க் 10 மெகாபிட். புதிய 2.5 கிகாபிட் ஸ்விட்ச்கள் சில அந்த வேகத்துக்கு இறங்காது. பழைய 10/100 ஸ்விட்ச் ஒன்றை நடுவில் வையுங்கள். இணையத்தில் நேரடியாகத் திறந்துவிடவே கூடாது. டெல்நெட்டும் ஆர்லாகினும் பாஸ்வேர்டை அப்படியே அனுப்பும் காலத்து இயந்திரம் இது.

அடுத்த இயந்திரங்கள்

சிலிக்கான் கிராபிக்ஸ் இண்டி, 1993: அழகான நீலப் பெட்டி, பிஎஸ்/2 கீபோர்டே போதும். அந்த நிறுவனத்தின் இயங்குதளமான ஐரிக்ஸ் 6.5.22 வரை ஓடும். நிடெக் தயாரித்த பவர் சப்ளை உள்ளதைவிட சோனி சப்ளை உள்ளதைத் தேடுங்கள். மெமரியை நான்கு நான்காகத்தான் போட வேண்டும். இங்கும் டல்லாஸ் கடிகாரச் சிப்புக்குள் பேட்டரி அடைபட்டிருக்கிறது.

சிலிக்கான் கிராபிக்ஸ் ஆக்டேன், 1997: கனமானது, ஒருவர் தூக்கக் கூடாது. கார்டுகளின் பின்னால் உள்ள அழுத்தக் கனெக்டரின் நுண்முடிகளை விரலால் தொட்டாலே போயிற்று; கழற்றியதும் மூடி போடுங்கள். அதே நிறுவனத்தின் ஓ2வின் பிளாஸ்டிக் பிஸ்கட் போல நொறுங்கும், தபாலில் வாங்கவே வேண்டாம்.

வைத்திருப்பது

கடலோர ஊர்களில் உப்புக் காற்றுதான் எதிரி. மூடிய அலமாரி, சிலிக்கா ஜெல், தரையிலிருந்து ஓரடி உயரம். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்க்கும். பருத்தித் துணி போர்த்துங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு நோட்டுப் பக்கம்: ஈதர்நெட் முகவரி, ஹோஸ்ட் ஐடி, பேட்டரி மாற்றிய தேதி, மாற்றிய கெப்பாசிட்டர்கள், டிஸ்க் நகல் எந்த இடத்தில் இருக்கிறது. நகலை இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.